உப்புக்கோடு நகரும் ஊர்

கோலசிலாங்கூரில் புக்கிட் மெலாவத்தி குன்றேறியவர்கள் அங்குள்ள பழைய பீரங்கிகளோடு படம் எடுத்துக்கொள்ளாமல் இறங்கியிருக்க மாட்டார்கள். அடுத்த முறை போனால், கடலைப் பார்த்திருக்கும் பீரங்கி ஒன்றின் பின்னால் நின்று அது குறிபார்க்கும் திசையில் நோக்குங்கள். அதன் வாயிலிருந்து இன்று குண்டு கிளம்பினால் முதலில் விழப்போவது காட்டில்தான். குன்றின் அடிவாரத்துக்கும் அலைக்கும் நடுவே அலையாத்திக் காடும் சேறும் அகலமாகப் படுத்துக் கிடக்கின்றன. 1784-ல் டச்சுக்காரர்கள் இந்தக் கோட்டையைப் பிடித்து ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயரிட்டார்கள். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதைத் திருப்பிப் பிடித்தார். 1907-ல் ஆங்கிலேயர் காலத்தில் எழுந்த கலங்கரை விளக்கத்துக்கு மட்டும் அந்த டச்சுப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

யார் பிடித்தார், யார் விட்டார் என்பதைப் பள்ளிப் பாடப் புத்தகம் சொல்லிவிடும். இந்த ஊருக்கு இன்னோர் எல்லை உண்டு. அதற்குக் கோட்டை கிடையாது, கொடி கிடையாது. உப்புத் தண்ணீர் ஆற்றில் எதுவரை ஏறும் என்ற எல்லைதான் அது. எந்த மரம் எங்கே முளைக்கும், மட்டி எங்கே கிடைக்கும், நெல்லுக்கு எது இடம், செம்பனைக்கு எது இடம், மின்மினி எந்தக் கரையில் மினுக்கும், தோட்டத்து லயங்கள் எந்த மேட்டில் கட்டப்பட்டன என்று எல்லாவற்றையும் அந்தக் கோடு தீர்மானித்திருக்கிறது. ஊர் மாறிய கதை பெரும்பாலும் அந்தக் கோட்டை மனிதன் தள்ளிய கதை. சில சமயம் அது திரும்பி வந்து மனிதனைத் தள்ளிய கதை.

சுங்கை சிலாங்கூர் தித்திவங்சா மலைத்தொடரில் பிறந்து, சுமார் 110 கிலோமீட்டர் ஓடி இங்கே மலாக்கா நீரிணையில் கலக்கிறது. கலக்கிறது என்று எழுதுவது எளிது. நடப்பது ஒரு தள்ளுமுள்ளு. இந்தக் கடற்கரையில் நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறி இரண்டு முறை வடியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில், தெற்கே கிள்ளான் துறைமுகப் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் 4 மீட்டரைத் தாண்டும். ஒரு மாடி உயரத்துக்குத் தண்ணீர் ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தின்போது ஆறு முகத்துவாரத்தில் திரும்பி ஓடுகிறது. உப்புநீர் கனமானது, நன்னீர் லேசானது. அதனால் கடல் ஆற்றின் அடியில் ஆப்பு போலச் செருகிக்கொண்டு மேலேறும். படகில் போகிறவர் மேல்நீரை அள்ளி வாயில் வைத்தால் சப்பென்றிருக்கலாம். அதே இடத்தில் நாலு முழம் கீழே உப்பு நின்றிருக்கும்.

இந்தச் சந்திப்பில்தான் சேறு பிறக்கிறது. மலையிலிருந்து ஆறு சுமந்துவரும் களிமண் துகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஒவ்வொரு துகளின் மேலும் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதந்துவரும். உப்புநீரில் உள்ள சோடியம், மக்னீசியம் அயனிகள் அந்தத் தள்ளலை அடக்கிவிடுகின்றன. துகள்கள் ஒட்டிக்கொள்ளும், திரளும், கனத்து அடியில் தங்கும். ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்குவதற்குள் தண்ணீர் சற்று அசையாமல் நிற்கும் நேரம் இதற்குத் தோது. இப்படித்தான் கரை கடலுக்குள் வளர்கிறது. ஜெராம், பந்தாய் ரெமிஸ் பக்கம் கடல் கரையை அரிப்பதும் உண்டு. ஓரிடத்தில் எடுத்ததை இன்னோரிடத்தில் போடுவது கடலுக்கு வாடிக்கை.

புதுச் சேற்றில் முதலில் குடியேறுவது அப்பி-அப்பி மரம். பென்சிலை நட்டுவைத்தாற்போல் மூச்சுவேர்களைச் சேற்றுக்கு மேல் நீட்டிக் காற்று வாங்கும். வேர் வழியாக உள்ளே வந்த உப்பை இலையின் மேல் கசியவிட்டுவிடும். வெயில் நேரத்தில் அந்த இலையை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும். அதற்குப் பின்னால் முட்டுக்கால் வேர்களோடு பாக்காவ். அது உப்பை வேரிலேயே வடிகட்டி நிறுத்திவிடும் சாமர்த்தியசாலி. ஆற்றில் மேலே போகப் போக உப்பு குறையும், மரங்களும் மாறும். கரையை நீப்பா ஓலைகள் மூடும். அதையும் தாண்டி, உப்பு லேசாக எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும் இடத்தில் பெரெம்பாங் மரங்கள் தொடங்கும். உப்புமானி கையில் இல்லாமலே, மரத்தைப் பார்த்து ஆற்றின் உப்பைச் சொல்லிவிடலாம்.

இதை ஐந்தாறாயிரம் ஆண்டுக் கணக்கில் பெருக்கிப் பாருங்கள். 5,000, 6,000 ஆண்டுகளுக்கு முன்பு இந்தத் தீபகற்பத்தைச் சுற்றிக் கடல்மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயரமாக இருந்தது. கடல் பின்வாங்க, அது விட்டுச்சென்ற சேற்றின் மேல் காடு ஏறியது. உள்பக்கம் தண்ணீர் வடியாத இடங்களில் இலையும் கட்டையும் மக்காமல் குவிந்து கரிச் சதுப்பாயின. வடக்கே ராஜா மூசா, சுங்கை காராங் வனங்கள் அப்படி உருவானவை. 70,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்த சதுப்பு அது. தஞ்சோங் காராங், சிகிஞ்சான் வயல்கள், கோலசிலாங்கூர் கரையோரத் தோட்டங்கள் எல்லாம் ஒரு காலத்துக் கடலடிச் சேற்றின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. எவ்வளவு பேர் எண்ணிப் பார்த்திருப்போமோ தெரியாது: நம் தாத்தா பாட்டிமார் பெரட்டுக்கு நின்ற களம், கடல் காலிசெய்துவிட்டுப் போன வீடு.

அந்த வீட்டில் தொடக்கத்தில் வந்து அமர்ந்த தோட்டப் பயிர்களில் ஒன்று காப்பி. 1890-களில் சிலாங்கூர்க் கரையோரத்தில் லைபீரியக் காப்பி நட்டார்கள். பிரேசில் காப்பி உலகச் சந்தையில் கொட்டியதும் விலை விழுந்தது. காப்பி இருந்த இடத்துக்கு ரப்பர் வந்தது, தென்னையும் வந்தது. ஆளுக்குத் தமிழ்நாடு. இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிமுறை 1910-ல் ஒழிந்தது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. அந்த ஆண்டு இந்திய அரசு கூலியாள் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களில் கணிசமானோர் காவிரிக் கடைமடையைச் சேர்ந்தவர்கள். சேறும், வாய்க்காலும், மதகும் அவர்களுக்குப் புதிதில்லை.

கடற்களிமண் சத்து நிறைந்தது, ஆனால் தண்ணீரை விடாது. அதனால் கரையோரத் தோட்டத்தில் மரத்துக்கு முன்னால் வெட்டவேண்டியது வாய்க்கால். ஜாவானியரும் சீனக் குத்தகைக்காரர்களும் தமிழர்களும் வெட்டிய பரிட்டுகள் இன்றைக்கும் சதுரங்கக் கட்டமாய்த் தெரியும். விமானத்திலிருந்து பார்த்தால் கோடு போட்ட நோட்டு. கடலோரத்தில் மண்ணைக் குவித்து நீளமான அணை. அணையில் ஆங்காங்கே மதகு. இந்த மதகைக் கிட்டத்தில் பார்ப்பது நல்லது. மேல்பக்கம் கீல் போட்டுத் தொங்கவிட்ட கனமான கதவு, அவ்வளவுதான். வெளியே கடல் ஏறினால் அதன் அழுத்தமே கதவைச் சட்டத்தோடு ஒட்டித் தள்ளி மூடிவிடும். கடல் வற்றி உள்ளே நீர்மட்டம் உயர்ந்து நின்றால், உள்நீர் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியேறும். மின்சாரம் இல்லை, காவலாள் இல்லை. ஒரு கட்டை சிக்கிக்கொண்டால் மட்டும் தொல்லை. கதவு முழுதாக மூடாது, உப்பு உள்ளே நுழைந்துவிடும்.

பெஸ்தாரி ஜெயாவில் இப்போது பிள்ளைகளோடு இருக்கும் ஒரு பெரியவர், கரையோரத் தோட்டத்தில் பரிட்டு வேலை பார்த்தவர். "உப்பு ஏறிடுச்சுன்னு எப்படி ஐயா கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டேன்.

"விரல்ல தொட்டு நாக்குல வச்சுப் பாக்கறதுதான் தம்பி. கதவுல கட்டை மாட்டிக்கிட்டா ராத்திரியோட ராத்திரியா இறங்கி எடுக்கணும். விட்டா, பத்து நாள்ல செம்பனை ஓலை நுனி காஞ்சு மண்டோருக்குக் காட்டிக் குடுத்துடும்லா."

மழையும் ஓதமும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்றதற்கு, "அன்னிக்கு வேலை இல்ல. லயத்து வாசல்ல மீன் பிடிக்க வேண்டியதுதான்" என்றார். பௌதிகம் அதையேதான் சொல்கிறது: கடல் உயர்ந்து நிற்கும் நேரத்தில் மதகு திறக்காது, பெய்த மழை போக வழியின்றி உள்ளேயே நிற்கும்.

வடிகால் அதிகமானாலும் ஆபத்து. பழைய அலையாத்திச் சேற்றில் கந்தகமும் இரும்பும் சேர்ந்த பைரைட் படிகங்கள் புதைந்து கிடக்கின்றன. தண்ணீருக்கு அடியில் காற்று படாமல் இருக்கும்வரை அவை சாது. பரிட்டை ஆழமாக வெட்டி நீர்மட்டத்தைத் தாழ்த்தினால் காற்று உள்ளே போகும். பைரைட் ஆக்சிஜனோடு சேர்ந்து கந்தக அமிலமாகும். மண்ணில் மஞ்சள் மஞ்சளாகத் திட்டுகள் தெரியும். வாய்க்கால் தண்ணீர் துருப்பிடித்த சிவப்பில் ஓடும், வேர் கருகும். ஆகவே வெட்டவும் வேண்டும், வெட்டிய பரிட்டில் குறுக்கே சிறு தடுப்புப் போட்டு நீரைத் தேக்கியும் வைக்க வேண்டும். கரையோரத் தோட்ட நிர்வாகம் என்று மேலே உட்கார்ந்தவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டதன் பாதி, பரிட்டுக்காரர்களின் நாக்கிலும் கண்ணிலும் இருந்த அறிவு என்பது என் எண்ணம்.

ரப்பருக்குப் பிறகு செம்பனை. அதன் மலேசியக் கதை இந்த ஆற்றங்கரையில்தான் தொடங்குகிறது. பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோக்கொனியே 1905-ல் இங்கு வந்து ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்டார். சுமத்ராவிலிருந்து விதை கொண்டுவந்து முதலில் அழகுக்கு நட்டுப் பார்த்தார். 1917-ல் பத்தாங் பெர்ஜுந்தாயை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் வணிகத்துக்காகச் செம்பனை நட்டது நாட்டிலேயே முதல் முயற்சி. பத்தாங் பெர்ஜுந்தாய் 2007-ல் பெஸ்தாரி ஜெயாவாகப் பெயர் மாறியது, தென்னமரம் மாறவில்லை. ஃபோக்கொனியே பின்னால் எழுதிய 'மலேசி' என்ற நாவல் 1930-ல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. பாரிஸில் பரிசு வாங்கிய புத்தகத்துக்குக் கரு கிடைத்தது நம் லயங்களுக்குப் பக்கத்தில் என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தராத செய்தி.

செம்பனையைப் பற்றி இன்னொன்று. 1981 வரை தோட்டங்களில் மகரந்தச் சேர்க்கைக்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள். ஆண் பூவின் தூளைப் பவுடரோடு கலந்து, பெண் பூங்கொத்தின் மேல் ஊதிவிடும் வேலை. அந்த ஆண்டு கேமரூனிலிருந்து எலெய்டோபியஸ் என்ற சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆப்பிரிக்காவில் அந்த மரத்துக்கு அதுதான் தரகன். வண்டு பெருகியது, காய் பிடிப்பு கூடியது, ஊதுகிற வேலை போயிற்று. கணக்கெடுப்பில் வராத வேலை இழப்பு அது.

இனி மின்மினிக்கு வருவோம். கம்போங் குவாந்தான் படகுத்துறையைப் பார்க்காமல் கோலசிலாங்கூர் பார்த்ததாகச் சொல்ல முடியாது. இருட்டிய பிறகு சம்பானில் உட்கார்ந்தால் துடுப்புச் சத்தம் மட்டும் கேட்கும். கரையோரப் பெரெம்பாங் மரம் ஒன்று முழுக்க ஒளிப்புள்ளிகள். எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்து ஒரே நேரத்தில் அணைகின்றன. தெரோப்தெரிக்ஸ் தெனெர் என்ற இந்தப் பூச்சி ஓர் அரிசிமணி நீளம்தான் இருக்கும். வயிற்றின் கடைசிக் கண்ணிகளில் லூசிஃபெரின் என்ற பொருளை லூசிஃபெரேஸ் என்ற நொதி ஆக்சிஜனோடு சேர்க்கிறது. பிறக்கும் ஆற்றல் அநேகமாக முழுவதும் ஒளியாகிறது, சூடு இல்லை.

ஒன்றாக மினுக்குவதற்குத் தலைவன் யார்? ஒருவரும் இல்லை. ஜான் பக், எலிசபெத் பக் தம்பதி 1960-களில் தாய்லாந்து மின்மினிகளைப் பிடித்து பாங்காக் விடுதி அறையில் இருட்டில் விட்டுப் பார்த்தார்கள். முதலில் தாறுமாறாக மினுக்கியவை, பக்கத்திலிருப்பதைப் பார்த்துப் பார்த்து இரண்டாய் மூன்றாய்ச் சேர்ந்துகொண்டன. ஒவ்வொரு பூச்சிக்கும் உள்ளே ஒரு கடிகாரம். அயலான் மினுக்கினால் தன் கடிகாரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளும். அந்தச் சிறு தள்ளல் போதும், கூட்டம் தானாகவே ஒருமிக்கும் என்று 1990-ல் மிரோலோ, ஸ்ட்ரோகாட்ஸ் என்ற இரு கணிதவியலாளர்கள் நிறுவினார்கள். இதயத்துடிப்பைத் தொடங்கிவைக்கும் செல்களுக்கும் அதே கணக்குப் பொருந்தும்.

பயணிகள் பார்ப்பது இந்தப் பூச்சியின் வாழ்க்கையில் கடைசி அத்தியாயத்தை மட்டும். முந்தைய அத்தியாயங்கள் தரையில் நடக்கின்றன. மலேசிய வன ஆய்வு நிலையத்தின் லாரன்ஸ் கெர்ட்டன், நடா பத்ருடின் முதலிய ஆய்வாளர்கள் அதைத் தேடிப்போனார்கள். பெண் பூச்சி கரைக்குப் பின்னால், ஈரம் வற்றாத மண்ணில் முட்டையிடுகிறது. வெளிவரும் புழு வேட்டைக்காரன். நீப்பாவுக்கும் ரும்பியாவுக்கும் அடியில் இலைக்குப்பையில் ஊர்ந்து, பயறளவு நத்தை ஒன்றைத் தேடும். சைக்ளோட்ரோபிஸ் கரினாட்டா என்பது அந்த நத்தையின் பெயர். ஓதம் வந்து நனைத்துவிட்டுப் போகும் கரையில்தான் அது வாழும். புழு நத்தையைக் கடித்து மயக்கி, ஓட்டுக்குள் தலையை விட்டுத் தின்னும். இப்படிப் பல வாரங்கள் நத்தையிலேயே வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்த பிறகே மரம் ஏறுகிறது.

ஆக, மின்மினிக்கு ஓர் ஒளிமேடை வேண்டும், அது பெரெம்பாங். ஒரு பிள்ளைத்தொட்டில் வேண்டும், அது மேடைக்குப் பின்னாலுள்ள ஈரப் புதர். மரத்தை விட்டுவைத்துப் புதரை அழித்தால் சில மாதங்கள் ஒன்றும் தெரியாது. பிறகு மரம் இருட்டாகிவிடும். இந்த ஆற்றங்கரையில் நடந்தது அதுதான். செம்பனை விலை ஏற ஏறச் சிறுதோட்டங்கள் நீர்விளிம்புவரை இறங்கின. சில இடங்களில் இறால் குளம் வந்தது. 2009-ல் சிலாங்கூர் அரசு, மாநில நீர் நிர்வாகச் சட்டத்தின்கீழ் மின்மினிக் கரையைப் பாதுகாப்பு வலயமாக அறிவித்தது. அறிவிப்பு ஒரு மரத்தையும் நட்டுவிடாது. ஆனாலும் வெட்டுகிறவன் கொஞ்சம் யோசிப்பான்.

பெரெம்பாங்குக்கு ஒரு பிடிவாதம் உண்டு. உப்பு மிகுந்தால் வாடும். உப்பே இல்லையென்றால் மற்ற நன்னீர்ச் செடிகள் அதை அமுக்கிவிடும். கொஞ்சமாக, வந்து போகும் உப்பு அதற்கு வேண்டும். அந்தக் கொஞ்சத்தைத் தீர்மானிப்பது மேலிருந்து வரும் நன்னீரின் அளவு. சிக்கல் இங்கேதான். கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கு மேல் சுங்கை சிலாங்கூரிலிருந்து போகிறது. கோலகுபு பாருவுக்குப் பக்கத்தில் அணை 2003-ல் முடிந்தது. அதைக் கட்டும்போது எழுந்த எதிர்ப்பில் இடம்பெயர வேண்டிய தெமுவான் பூர்வகுடியினரின் குரலும் இருந்தது, மின்மினிக்காகப் பேசியவர்களின் குரலும் இருந்தது. அணையிலிருந்து விட்ட நீரை பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் உறிஞ்சிச் சுத்திகரிக்கிறார்கள். மின்மினிக் கரை அதற்குக் கீழே இருக்கிறது. 2014 வறட்சியில் நீர் போதாமல், பழைய ஈயக்குட்டைகளிலிருந்து ஆற்றுக்குள் பம்ப் வைத்து இறைத்தார்கள். ஈயம் தோண்டிய பள்ளம் வெகு தூரம் தள்ளி இருக்கும் குழாய்க்கும் தண்ணீர் கொடுக்கும் நாள் வரும் என்று ஈயலம்பக்காரர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். கோடைக்காலத்தில் பெட்டாலிங் ஜெயாவில் ஒருவர் காரைக் கழுவினால், அந்தத் தண்ணீர் குறைந்த அளவுக்கு இங்கே உப்பு ஓர் இம்மி மேலேறுகிறது. தனி ஒருவரின் வாளியை அளக்க முடியாது, பல லட்சம் வாளிகளை அளக்க முடியும்.

நன்னீர் குறைந்த முகத்துவாரம் எப்படி ஆகும் என்பதற்கு நம் பூர்வீகப் பக்கமே ஓர் உதாரணம் இருக்கிறது. காவிரியின் கடைசிக் கிளைகள் கடலைச் சேரும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில், மேலே தண்ணீரைத் தேக்கத் தேக்க உப்பு கூடிற்று. பல வகை மரங்கள் நின்றிருக்க வேண்டிய இடத்தை, உப்பைத் தாங்கும் வெண்கண்டல் ஒன்றே ஏறக்குறைய முழுவதும் பிடித்துக்கொண்டது. காடு இருக்கிறது, வகை இல்லை.

உப்புக்கோட்டோடு சேர்ந்து நடக்கும் இன்னொரு ஜீவன் ஊடாங் காலா, நன்னீர்ப் பெரிய இறால். வார இறுதியில் தூண்டிலும் கையுமாகப் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து முகத்துவாரம்வரை உட்கார்ந்திருக்கும் கூட்டம் இதற்காகத்தான். நன்னீரில் வாழும் இந்த இறாலின் குஞ்சைத் தொட்டியில் வளர்க்க ஒருவராலும் முடியாமல் இருந்தது. சில நாளில் செத்துவிடும். 1961-ல் பினாங்கு குளுகோர் மீன்வள நிலையத்தில் லிங் ஷாவோ-வென் என்ற அறிஞர்தான் முடிச்சை அவிழ்த்தார். சோயா சாஸ் ஊற்றிப் பார்த்தபோது குஞ்சுகள் பிழைத்தன என்று சொல்லப்படும் கதை மீன்வளத்துறையில் பிரபலம். சாஸில் இருந்த உப்புதான் விஷயம். தாய் இறால் குஞ்சு பொரிக்க முகத்துவாரம்வரை இறங்கிவரும். குஞ்சு உவர்நீரில் வளர்ந்து, பிறகு ஆற்றில் ஏறும். உலகம் முழுக்க இன்று நடக்கும் நன்னீர் இறால் வளர்ப்புக்கு அந்தத் தொட்டிதான் ஆரம்பம்.

கோட்டைக் குன்றின் அடிவாரத்துக் காட்டுக்குத் திரும்பினால், உப்பை வெட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதை நடந்தே பார்க்கலாம். அலையாத்திக்கு நடுவே மண் அணை கட்டி, உள்பக்கத்தை மேடாக்கும் திட்டம் ஒன்று இருந்தது. கோல்ஃப் திடல் போடும் பேச்சும் அடிபட்டது. மலேசிய இயற்கைக் கழகம் இடைபுகுந்து பேசியதில் 1987-ல் அது இயற்கைப் பூங்காவாயிற்று. அணை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அதன் மேல் நடந்தால், கடல் பக்கம் அப்பி-அப்பியும் பாக்காவும் ஓதத்தில் கால் நனைத்து நிற்கும், சேற்றில் துள்ளுமீன் தாவும். மறுபக்கம் உப்பு வராததால் அலையாத்தி மரங்கள் மெல்ல இடம் விட, அத்தியும் பெரணியும் ஏறி வேறொரு காடு வளர்ந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே பத்தடி மண். கழகத்தார் உள்பக்கம் மதகு வைத்து ஓர் உவர்நீர் ஏரியையும் வெட்டினார்கள். வடதுருவத்துப் பக்கமிருந்து ஆஸ்திரேலியா போகும் உள்ளான்களும், கூடவே கொக்குகளும் ஓதம் ஏறிச் சேறு மூழ்கும் நேரத்தில் ஒதுங்க அது இடம்.

வடக்கே வயல்களின் கதை தனிப் புத்தகம். சுருக்கமாகச் சொன்னால், 1930-களில் தொடங்கிய தஞ்சோங் காராங் திட்டம் பெர்ணாம் ஆற்று நீரைக் கால்வாயில் திருப்பி, கரிச் சதுப்பின் ஓரமாகக் கொண்டுவந்து பாய்ச்சுகிறது. கடலோரத்தில் அணை உப்பைத் தடுக்கிறது. சதுப்பு மழைநீரைப் பஞ்சுபோல் பிடித்து வைத்துக்கொண்டு கோடையில் விடுகிறது. சதுப்பை வடித்தால் அது சுருங்கித் தாழும், காய்ந்தால் தீப்பிடிக்கும். ராஜா மூசாவில் புகை கிளம்பிய வறட்சிகளைக் கோலாலம்பூர் மூக்குகூட மறந்திருக்காது.

இன்றைய கோலசிலாங்கூர் எப்படி இருக்கிறது? பாசிர் பெனாம்பாங்கில் சீன மீனவர்களின் படகுகளும், அவற்றின் மேல்தட்டுப் போலவே அமைந்த கடலுணவுக் கடைகளும். லாத்தார் நெடுஞ்சாலை 2011-ல் திறந்தபின் கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்து நண்டு தின்றுவிட்டு, மின்மினி பார்த்துவிட்டு அன்றிரவே திரும்பிவிடுகிறார்கள். கடலுக்குள் சில கிலோமீட்டர் தள்ளி, வற்றத்தில் மட்டும் தலைகாட்டும் மணல்திட்டில் முழங்காலுக்குக் கீழே தேங்கிய நீர் வானத்தைக் காட்டுகிறது. அந்த 'ஸ்கை மிரர்' திட்டு, சேறும் மணலும் சேர்ந்து கரை கடலுக்குள் வளரும் அதே வேலையின் ஒரு துண்டு. மட்டி விளைந்த சேற்றுத்திட்டுகள்தான் மெலிந்துவிட்டன. கழிவு கலந்த நீரில் மட்டி நிலைக்காது.

தோட்டங்களில் இப்போது குலை வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர். பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஈஜோக், புஞ்சாக் ஆலாம் அடுக்குமாடிகளிலும் தாமான்களிலும் தோட்டத்துப் பிள்ளைகளின் பிள்ளைகள். தோட்டம் கைமாறியபோது வீட்டையும் இழந்து, மாற்று வீட்டுக்காகப் பல்லாண்டு காத்துக் கிடந்த குடும்பங்கள் உலு சிலாங்கூர் எல்லையில் உண்டு. ஈயக்குட்டைகள் இருந்த நிலத்தில் பல்கலைக்கழக வளாகம் நிற்கிறது. செம்பனை வரிசைகளுக்கு நடுவே லயம் இடிபட்ட தோட்டங்களில் மாரியம்மன் கோயில் மட்டும் மிச்சம். ஆண்டுக்கு ஒரு முறை திருவிழாவுக்குக் கார்கள் செம்மண் பாதையில் வரிசைகட்டும். ஓடிப்போன பிள்ளைகளைத் தேடிக்கொண்டு சில தமிழ்ப்பள்ளிகளும் பட்டணத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டன.

கடல்மட்டம் உலகம் முழுக்க ஏறிக்கொண்டிருக்கிறது, வடிகட்டிய சதுப்பும் களிமண்ணும் தாழ்ந்துகொண்டிருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் மதகுக் கதவு திறந்திருக்கும் நேரம் குறையும். பரிட்டுகளில் பம்ப் வைப்பதா, அணையை உயர்த்துவதா, சில இடங்களில் அணையை உடைத்து உப்பை உள்ளே விட்டு அலையாத்தியை வளரவிடுவதா என்று நீர்ப்பாசனத் துறைகள் உலகெங்கும் கணக்குப் போடுகின்றன. முத்துப்பேட்டையிலும் நெதர்லாந்திலும் கேட்கப்படும் அதே கேள்விதான் இங்கேயும்.

நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியையே கையேடாகக் கொள்ளலாம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஓதம் பெரிதாக இருக்கும். அன்றைக்குப் பூங்கா அணைமேல் நடந்து, கடல் பக்கத்து நீர்மட்டத்தையும் உள்பக்கத்து நீர்மட்டத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மின்மினிக்குப் பௌர்ணமி ஆகாது, நிலா வெளிச்சத்தில் மங்கிவிடும். அதனால் இரண்டையும் ஒரே நாளில் பார்க்க அமாவாசைதான் தோது. படகில் கைப்பேசி விளக்கைப் போடாதீர்கள். கொசுவிரட்டி தடவுவதானால் கரையில், படகுக்கு வெகு தொலைவில்.